மின்மினி யாருக்காக ஒளிர்கிறது?

மே மாதத்தின் கடைசி வாரத்தில் சஹ்யாத்ரி மலைத்தொடர் தன் கோடையின் முடிவை எட்டுகிறது. மகாராஷ்டிரத்தின் அகோலே வட்டத்தில், 1646 மீட்டர் உயரமுள்ள கல்சுபாய் சிகரத்தின் சரிவுகளில் புல் காய்ந்து வைக்கோல் நிறம் கொண்டிருக்கும். களாப்பழமும் நாவற்பழமும் தவிர அந்த மலைக்காடு அப்போது கொடுப்பதற்கு அதிகமில்லை. பருவமழைக்கு முந்தைய ஓரிரு தூறல்கள் விழுந்து காற்றில் ஈரம் ஏறியதும், பகலெல்லாம் சோர்ந்து நின்ற மரங்கள் இரவில் ஒளிரத் தொடங்குகின்றன. கடுக்காய், தான்றி, கருமருது, நாவல், அத்தி என்று அந்த மண்ணுக்கே உரிய மரங்களில் மின்மினிகள் ஆயிரக்கணக்கில் வந்து அமர்கின்றன. ஒரு கிளையில் எழுந்த துடிப்பு அடுத்த கிளைக்குப் பரவி, சில கணங்களில் மரம் முழுவதும் ஒரே மூச்சாக ஒளிர்ந்து அணைகிறது. பிறகு இருள், மீண்டும் ஒளி. ஜூன் நடுப்பகுதியில் கனமழை இறங்கியதும் காட்சி ஓய்ந்துவிடுகிறது.

மராத்தியில் இப்பூச்சிக்குக் ‘காஜவா’ என்று பெயர். பண்டார்தரா அணையைச் சுற்றியுள்ள ரத்தன்வாடி, கட்கர், சாம்ராட் போன்ற ஊர்களில் இந்த மூன்று வாரங்கள் இப்போது ஒரு திருவிழாவாகவே கொண்டாடப்படுகின்றன. மும்பையிலிருந்தும் புனேயிலிருந்தும் வார இறுதிகளில் வண்டிகள் வரிசையாக வருகின்றன. வருபவர்கள் பெரும்பாலும் நல்லவர்கள். குழந்தைகளுக்கு ஒருமுறையேனும் மின்மினியைக் காட்டிவிட வேண்டும் என்ற ஆசையில் ஐந்து மணி நேரம் பயணம் செய்து வருபவர்கள். ஆனால் அவர்களுடைய வண்டிகளின் முகப்பு விளக்குகள் மரத்தின்மீது விழும்போது, அம்மரத்தின் துடிப்பு கலைந்துவிடுகிறது. கைப்பேசிகளின் ஒளி வீச்சு அதை மேலும் கலைக்கிறது. எதைக் காண வந்தார்களோ, அதையே அவர்களுடைய வருகை அணைக்கிறது.

இதை நாகரிகக் குறைவு என்று ஒதுக்கிவிடலாம். அறிவிப்புப் பலகைகள் வைத்தால் தீர்ந்துவிடும் சிக்கல் என்றும் கருதலாம். ஆனால் சற்று நின்று பார்த்தால் இதற்குள் பழையதொரு தத்துவ வினா இருப்பது தெரியும். அழகை அனுபவிப்பதற்கு ஏதேனும் கடமை உண்டா? உண்பதற்கும் உடுப்பதற்கும் அறம் உண்டு என்பதை எல்லோரும் ஏற்பர். வெறுமனே பார்த்து மகிழ்வதற்கும் அறம் உண்டா?

பொதுவாகத் தரப்படும் விடை ‘இல்லை’ என்பதே. உணவை ஒருவர் உண்டால் அது மற்றவருக்கு இல்லை. நிலவை ஒருவர் பார்ப்பதால் அது மற்றவருக்குக் குறைவதில்லை. ஆகவே, காட்சி இன்பம் குற்றமற்ற இன்பம் என்று நீண்டகாலமாக மதிக்கப்பட்டு வந்திருக்கிறது. புலனின்பங்களில் பற்றுக் கொள்ளாதே என்று கண்டிப்புடன் பேசும் ஆசிரியர்கள்கூட, மலைகளையும் நதிகளையும் கண்டு மகிழ்வதைப் பெரும்பாலும் விட்டுவைத்தனர். நிலவைப் பொறுத்தவரை இது சரியே. மின்மினி நிலவைப்போல ஒளிர்வதால் இதுவும் அதே வகை என்று மனம் எண்ணிக்கொள்கிறது. பிழை இங்கேதான் தொடங்குகிறது.

ஒளி யாருக்கு?

மின்மினியின் வயிற்றுப் பகுதியில் லூசிஃபெரின் என்ற பொருள், லூசிஃபெரேஸ் என்ற நொதியின் துணையால் ஆக்ஸிஜனுடன் சேர்கிறது. அந்த வினை வெப்பத்தை ஏறத்தாழ வெளியிடாமல் ஒளியைத் தருகிறது. இந்த ஒளி ஒரு மொழி. ஆண் பூச்சி தன் இனத்துக்கே உரிய இடைவெளியில் துடிக்கிறது. பல இனங்களில் பெண், குறித்த ஒரு தாமதத்திற்குப் பின் விடையளிக்கிறது. அந்தத் தாமதத்தை வைத்தே ‘இவள் என் இனத்தவள்’ என்று ஆண் அறிகிறது. சுற்றுப்புறம் வெளிச்சமாக இருந்தால் கேள்வியும் விடையும் ஒன்றையொன்று எட்டுவதில்லை. சில இனங்களில் பெண்ணுக்குச் சிறகே இல்லை. புழு வடிவிலேயே தரையில் புற்களுக்கிடையே காத்திருக்கிறது. மரத்தை அண்ணாந்து பார்த்தபடி நடப்பவரின் காலடியில் அது இருக்கக்கூடும்.

முதிர்ந்த மின்மினியின் ஆயுள் இரண்டு மூன்று வாரங்களே. பல இனங்களில் அது உணவே உட்கொள்வதில்லை. வாழ்வின் பெரும்பகுதியை அது புழுவாக, உதிர்ந்த இலைகளுக்கடியில் ஈர மண்ணில் கழித்துவிடுகிறது. அங்கே அது கடுமையான வேட்டைக்காரன். தன்னைவிடப் பெரிய நத்தையையும் மண்புழுவையும் கடித்து, நஞ்சைச் செலுத்தி உணர்விழக்கச் செய்து உண்கிறது. வட அமெரிக்காவில் ஓரினத்துப் பெண் மின்மினி, வேறோர் இனத்துப் பெண்ணின் விடையைப் போலியாக ஒளிர்ந்து காட்டி, ஏமாந்து வரும் ஆணைப் பிடித்துத் தின்றுவிடுகிறது.

இவற்றைச் சொல்லக் காரணம் உண்டு. ஆன்மிகப் பத்திரிகைகளில் மின்மினி வரும்போதெல்லாம் அது உடனே உவமையாகிவிடுகிறது. இருளில் தன் சிறு விளக்கை ஏந்திய சாதகன் என்றும், தன்னொளியில் வாழும் ஞானி என்றும் அதை எழுதிவிடுவது எளிது. நத்தைக்கு நஞ்சூட்டும் புழுவை அந்த உவமைக்குள் அடக்க முடியாது. மின்மினி எவருக்கும் பாடம் புகட்ட வரவில்லை. மனிதர் காண வேண்டும் என்றும் ஒளிரவில்லை. அதன் ஒளி முழுவதும் அதன் சொந்தக் காரியம். இந்த உண்மையை உவமைகளால் மூடிவிடாமல் வைத்துக்கொள்வது மேற்கண்ட வினாவுக்கு விடை காண மிகவும் அவசியம்.

உபநிடத ரிஷிகள் இதைவிட எளிமையாகவே மின்மினியைக் கையாண்டனர். வடமொழியில் அதன் பெயர் ‘கத்யோதம்’, வானில் ஒளிர்வது என்று பொருள். சாந்தோக்ய உபநிடதத்தின் ஆறாம் அத்தியாயத்தில், பதினைந்து நாட்கள் உணவின்றி இருந்து கற்ற வேதங்களை நினைவுகூர இயலாமல் நிற்கும் ஸ்வேதகேதுவிடம் தந்தை உத்தாலகர் ஓர் அளவு சொல்கிறார். பெருந்தீ அணைந்தபின் எஞ்சிய கங்கு மின்மினியின் அளவே இருந்தால், அதைக்கொண்டு அதிகம் எரிக்க முடியாது என்கிறார். அங்கே மின்மினி ஒரு தராசுக் கல், அவ்வளவுதான். மாணவனுக்கு அது உடனே விளங்கிற்று, ஏனெனில் அவன் அதைப் பலமுறை பார்த்திருந்தான். இன்று ஒரு நகரத்துப் பள்ளியில் அந்த வாக்கியத்தைப் படிக்கும் சிறுவனுக்கு அடிக்குறிப்பு தேவைப்படும். ஒரு பூச்சி மறையும்போது அதைக் கொண்டு சிந்தித்த சொற்களும் வெறும் ஒலிகளாகின்றன. மறைநூல்களும் இதற்கு விலக்கல்ல.

மகிழ்ச்சியே பகையானபோது

பார்த்து மகிழ்வது எந்த அளவுக்குத் தீங்கற்றது என்பதை ஜப்பானின் அனுபவம் காட்டுகிறது. மின்மினியை அந்நாட்டினர் நேசித்த அளவுக்கு வேறெவரும் நேசித்ததில்லை என்றே சொல்லிவிடலாம். ஓவியங்களிலும் பாடல்களிலும் கோடை என்றால் மின்மினி. அங்கே கெஞ்சி என்றழைக்கப்படும் மின்மினியின் புழு ஓடும் நீரில் நத்தைகளை உண்டு வளர்கிறது. பிவா ஏரிக்கு அருகிலுள்ள மோரியாமா என்ற ஊரின் ஓடைகளில் அது மிகுதியாக இருந்தது. மெய்ஜி காலத்தின் இறுதியில், நகரங்களின் விடுதிகளும் உணவகங்களும் தங்கள் தோட்டங்களில் பறக்கவிட்டு விருந்தினரை மகிழ்விக்க மின்மினிகளை விலைக்கு வாங்கத் தொடங்கின. மோரியாமாவில் அவற்றைப் பிடித்து அனுப்பும் வணிகம் வளர்ந்தது. இரவுதோறும் ஆயிரக்கணக்கில் பிடிக்கப்பட்டு, ஈரம் காயாமல் கட்டப்பட்டு, அவை டோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் சென்றன. முட்டையிடவேண்டிய பூச்சிகள் நகரத் தோட்டங்களில் சில இரவுகள் ஒளிர்ந்து மடிந்தன. ஓடைகளில் மின்மினி குறைந்தது. 1924-இல் மோரியாமாவின் மின்மினி வாழிடத்தை அரசு இயற்கைச் சின்னமாக அறிவித்துக் காப்பளித்தது. பின்னாளில் நீர் மாசுபட்டு, அங்கும் அது அற்றுப்போயிற்று. மீண்டும் கொண்டுவர அவ்வூர் மக்கள் நெடுங்காலம் உழைக்க வேண்டியதாயிற்று.

இதில் கவனிக்கத்தக்கது ஒன்று. அந்த விருந்தினர்களுள் எவரும் மின்மினியை வெறுக்கவில்லை. பயிருக்குக் கேடு என்றோ, அருவருப்பானது என்றோ அதை அழிக்க முனையவும் இல்லை. அதன்மீது கொண்ட மோகமே அதன் கேடாயிற்று. பகைவனிடமிருந்து தப்ப ஓர் உயிர் ஒளிந்துகொள்ளலாம். ரசிகனிடமிருந்து அது எங்கே ஒளியும்?

அவ்வாறாயின், எல்லா ரசனையும் ஒருவகை நுகர்வுதான், மறைமுகமாக உண்ணுதல்தான் என்று முடிவுகட்டிவிடலாமா? துறவை வலியுறுத்தும் சிலர் அப்படிச் சொல்லத் தயங்குவதில்லை. அது அவசர முடிவு. ஜெர்மானியத் தத்துவஞானி இம்மானுவேல் கான்ட் 1790-இல் வெளியிட்ட மூன்றாவது விமர்சன நூலில் ஒரு வேடிக்கையான நிகழ்ச்சியைக் குறிப்பிடுகிறார். கோடை இரவில் நைட்டிங்கேல் பறவையின் பாடலைக் கேட்டு மயங்கும் விருந்தினர்கள். அந்தச் சுற்றுவட்டாரத்தில் அப்பறவையே இல்லாததால் விடுதிக்காரர் ஒரு குறும்புச் சிறுவனைப் புதருக்குள் மறைத்துவைத்து, நாணற்குழலால் அதே ஒலியை எழுப்பச் செய்கிறார். உண்மை தெரிந்ததும் எவராலும் அதைத் தொடர்ந்து கேட்க முடிவதில்லை. ஒலி மாறவில்லை, காதும் மாறவில்லை. ஆயினும் இன்பம் போய்விடுகிறது.

இதை மின்மினிக்குப் பொருத்திப் பார்க்கலாம். பண்டார்தராவின் ஒரு கடுக்காய் மரத்தில் அதே தாளத்தில் மினுக்கும் சீரியல் பல்புகளைத் தொங்கவிட்டால், அதைக் காண ஐந்து மணி நேரம் எவராவது பயணம் செய்வாரா? அத்தகைய விளக்குகள் ஒவ்வொரு திருமண மண்டபத்திலும் தொங்குகின்றன. எவரும் நின்று பார்ப்பதில்லை.

பயனுக்கும் ரசனைக்கும் உள்ள வேறுபாடு இங்கே துலங்குகிறது. 1947-இல் அமெரிக்காவின் பால்டிமோரில் வில்லியம் மெக்கெல்ராய் என்ற அறிஞர், மின்மினி ஒளியின் வேதியியலை ஆராய அவ்வூர்ச் சிறுவர்களுக்கு நூறு பூச்சிக்கு 25 சென்ட் கொடுத்து வாங்கினார். உயிரணுக்களின் ஆற்றல் நாணயமான ஏ.டி.பி. இல்லாமல் அந்த ஒளி எழாது என்பதை அவர் நிறுவினார். அதன் பயனாகவே உணவிலும் பாத்திரங்களிலும் உள்ள நுண்ணுயிர்க் கலப்பைக் கண்டறியும் சோதனைகள் பிறந்தன. அதன்பின் பல ஆண்டுகள் ஆய்வகங்களுக்காக மின்மினிகள் இலட்சக்கணக்கில் பிடிக்கப்பட்டன. 1985-இல் லூசிஃபெரேஸின் மரபணுவைப் பிரித்தெடுத்து, அந்த நொதியைப் பாக்டீரியாவிலேயே உருவாக்க முடிந்தபின் அத்தேவை குறைந்தது. ஆய்வகத்திற்குப் பாக்டீரியா தரும் நொதியே போதும். அது ஒன்றையும் இழக்கவில்லை. பயனை நாடுபவருக்கு மாற்றுப் பொருள் கிடைத்தால் நிறைவு. ரசிப்பவருக்கு மாற்றுப் பொருள் என்பதே இல்லை. அவர் விரும்புவது ஒளியின் ஓர் அளவை மட்டுமன்று. தன்னைக் கேளாமல், தன்னை அறியாமல், தன் போக்கில் வாழும் ஓர் உயிரின் ஒளியை.

எனவே மின்மினியைக் கண்டு உண்டாகும் மகிழ்ச்சிக்குள், அதை ரசிப்பவர் உணர்ந்தாலும் உணராவிட்டாலும், ஓர் ஒப்புதல் அடங்கியுள்ளது. ‘இது எனக்காக இல்லை, தனக்காகவே இருக்கிறது’ என்ற ஒப்புதல் அது. விளக்கைப் பாய்ச்சிப் படமெடுப்பவர் அந்த ஒப்புதலைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறார்; மின்மினியை மண்டபத்துப் பல்பாக ஆக்கிவிடுகிறார். அவர் விதியை மீறினார் என்பது இரண்டாவது குற்றம். தம் மகிழ்ச்சியையே அவர் பொய்யாக்கிக்கொண்டார் என்பது முதலாவது. ஆகவே, ரசனைக்கு அறம் உண்டா என்ற வினாவுக்கு வெளியிலிருந்து ஒரு சட்டத்தைக் கொண்டுவந்து விடைதர வேண்டியதில்லை. அந்த அறம் ரசனைக்குள்ளேயே இருக்கிறது.

இலைக்குப்பையும் இருளும்

அந்த ஒப்புதலை நேர்மையாக ஏற்றவர் அதன் விளைவுகளையும் ஏற்றாக வேண்டும். ஒளியை விரும்புகிறவர் ஒளி இருக்கும் மூன்று வாரங்களை மட்டும் விரும்ப முடியாது. மற்ற மாதங்களின் இலைக்குப்பை, ஈரம், நத்தை, இருள் ஆகிய நான்கையும் விரும்ப வேண்டும். இவற்றுள் ஒன்றுகூட எவருக்கும் இயல்பாகப் பிடிப்பதில்லை! வீட்டுத் தோட்டத்தில் உதிர்ந்த இலைகளை ஏப்ரலிலும் மே மாதத்திலும் கூட்டி எரிப்பது தூய்மை என்று கருதப்படுகிறது. மலைகளிலும் அதே மாதங்களில் புல்லுக்குத் தீ வைக்கிறார்கள். அச்சமயத்தில்தான் புழுக்கள் மண்ணின் மேலடுக்கில் கூட்டுப்புழுவாகிக் காத்திருக்கின்றன.

மண்ணுக்குரிய மரங்களின் முக்கியத்துவமும் இங்கேதான் இருக்கிறது. கடுக்காயும் கருமருதும் கோடையில் இலை உதிர்ப்பவை. அவ்விலைகள் மழையில் மக்கி, மண்ணை ஈரமாக வைத்து, நத்தைகளுக்கும் மண்புழுக்களுக்கும் உணவாகின்றன. நத்தை உள்ள இடத்தில் மின்மினிப் புழு வளர்கிறது. இந்தச் சங்கிலி பல்லாயிரம் ஆண்டுகளாகப் பழகிய ஒன்று. நாட்டின் பல பகுதிகளில் விரைவாக வளர்கிறது என்பதற்காக நடப்பட்ட ஆஸ்திரேலிய அகேசியாவின் தடித்த இலைகள் எளிதில் மக்குவதில்லை. அழகுக்காகக் கொண்டுவரப்பட்டவை இன்னும் அதிகத் தொல்லை தந்தன. உண்ணிச்செடி பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க வெப்ப மண்டலத்திலிருந்து பூச்செடியாக இந்தியத் தோட்டங்களுக்கு வந்தது. வேலியைத் தாண்டிய அது இன்று காடுகளின் தரையை மூடி, அந்த மண்ணின் நாற்றுகளை முளைக்கவிடாமல் தடுக்கிறது. கண்ணுக்கு அழகாயிருக்கிறது என்று ஒன்றை அதன் இடத்திலிருந்து பெயர்த்துத் தன் இடத்தில் வைத்துக்கொள்ளும் ஆசை, மோரியாமாவின் மின்மினியையும் உண்ணிச்செடியையும் ஒரே பாதையில்தான் இழுத்துச் சென்றது. ஒன்று அழிந்தது, மற்றது அழித்தது, ஆசை ஒன்றே.

இருளைப் பற்றியும் ஒரு சொல். மனிதக் கண் இருளுக்கு முழுமையாகப் பழக இருபது முதல் முப்பது நிமிடங்கள் ஆகின்றன. கைப்பேசித் திரையை ஒருமுறை நோக்கினால் அந்தப் பழக்கம் கலைந்துவிடும். அரை மணி நேரம் ஒன்றும் செய்யாமல் இருளில் அமர்ந்திருப்பவருக்கே அந்த மரத்தின் உள்கிளைகளில் உள்ள மங்கிய ஒளிகளும் தெரிகின்றன. மின்மினிக்கு எது தேவையோ அதுவே நன்றாகக் காண விரும்புபவருக்கும் தேவை. இந்த இடத்தில் கடமையும் இன்பமும் கைகோத்து நடக்கின்றன. எல்லா இடத்திலும் அவை அப்படி நடக்கும் என்று சொல்லிவிட்டால் கட்டுரை இனிதாக முடியும். ஆனால் அது உண்மையாகாது. தோட்டத்தில் இலைக்குப்பையை விட்டுவைத்தால் தேளும் பாம்பும் வரக்கூடும் என்ற அச்சம் நியாயமானது. விளக்கில்லாத மூலை பாதுகாப்பற்றது என்று வீட்டுப் பெண்கள் சொன்னால் அதைத் தள்ளிவிட முடியாது. காட்டுப்பூவையும் பறவையையும் பூச்சியையும் உண்மையாக விரும்புபவர், அவற்றால் தமக்குச் சிறிது இழப்பு நேர்ந்தாலும் அவை இல்லாமற் போவதை விரும்பமாட்டார் என்று அதே நூலில் கான்ட் சொல்லிவைத்ததும் இத்தகைய இடங்களை எண்ணித்தான் போலும். இழப்பு உண்டு என்பதை மறைக்காத ரசனையே நம்பத்தக்கது. வீட்டுக்கு அருகில் விளக்கு இருக்கட்டும். அது கீழ்நோக்கி, தேவையான நேரத்திற்கு மட்டும் எரியட்டும். தோட்டத்தின் கோடியில், குழந்தைகள் விளையாடாத ஒரு மூலையில், அந்த ஊருக்குரிய மரம் ஒன்றும் அதன் சருகும் அப்படியே கிடக்கட்டும். இவ்வளவுக்கு யாராலும் இயலும்.

ஊராரின் நியாயம்

மரங்களடியில் கூட்டம் கூடுவதே தவறு, எவரும் போகக் கூடாது என்பவர்கள் உண்டு. நகரத்திலிருந்து அப்படிச் சொல்வது எளிது. அகோலே வட்டத்தின் மலையூர்களில் வாழும் மகாதேவ் கோலி மக்களுக்கு மானாவாரி நெல்லும், காட்டில் பொறுக்கி விற்கும் கடுக்காயும் முக்கிய வருவாய். ஜூன் மாதம் அவர்களுக்குக் கையிருப்பு குறைந்த காலம். நாற்று நடுவதற்கு முன் வரும் அந்தக் கடைசி வாரங்களில், விருந்தினருக்குச் சோறாக்கிப் போட்டும் வழிகாட்டியும் ஈட்டும் பணம் சிறியதன்று. கடுக்காய் விலைபோவதால் அந்த மரம் வெட்டப்படாமல் நிற்கிறது. மின்மினி விலைபோவதால் அந்த மரத்தின் அடி இருட்டாகவே இருக்கக்கூடும். வறுமைக்கும் வனத்துக்கும் இடையில் நிற்பவர்களிடம் தூய ரசனையைப் போதிப்பதைவிட, அவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்வதே பொருத்தம். எந்த மரத்தில் எந்த வாரம் கூடும், எந்தப் பாதையில் கால் வைக்கலாகாது என்பதை அவர்கள் அறிவர்.

1986-இல் அறிவிக்கப்பட்ட கல்சுபாய்–ஹரிச்சந்திரகட் சரணாலயத்துக்குள் இந்த ஊர்களில் பல அமைந்துள்ளன. ஒளி வீசாமல், பாதையை விட்டு விலகாமல், ஓசையின்றிக் காண வேண்டும் என்பன வனத்துறை வற்புறுத்தும் நெறிகள். ஊரார் சிலர் தாங்களே வண்டிகளைத் தொலைவில் நிறுத்தச் சொல்லி, விருந்தினரை நடத்தி அழைத்துச் செல்கிறார்கள். இந்த நெறிகளுக்கு அடங்கிய எண்ணிக்கையில் மக்கள் வந்தால் ஊருக்கும் பயன், மரத்துக்கும் கேடில்லை. அந்த எண்ணிக்கை எது என்பதைத் தத்துவம் சொல்ல முடியாது. அந்தந்த மலையில், அந்தந்த ஆண்டின் மரத்தைப் பார்த்தே அதை முடிவு செய்ய வேண்டும்.

ஜூன் நடுவில் மழை வலுக்கிறது. பிரவரா நதி நிறைகிறது. பண்டார்தரா அணைக்குச் செந்நீர் வருகிறது. நகரத்து வண்டிகள் இப்போது அருவிகளைத் தேடிச் செல்கின்றன. கடுக்காய் மரத்தின் அடியில், ஈர மண்ணில் இடப்பட்ட முட்டைகள் சில வாரங்களில் பொரிந்து, அரிசி மணியினும் சிறிய புழுக்கள் சருகுக்குள் நத்தைகளைத் தேடிப் புறப்படுகின்றன. அவற்றின் வால்நுனியிலும் மங்கலாக ஓர் ஒளி உண்டு. அதைக் காண எவரும் வருவதில்லை.